நடு இல்லாத கட்டி

1

இந்தக் கதை ஒரு ஓட்டையிலிருந்து பிறந்தது. திசு ஆய்வுக்கூடத்து டெக்னீஷியன் ஒருத்தியின் ஸ்லைடில் இருந்த ஓட்டை அது. மெழுகில் புதைத்த கட்டியைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவினாள். சுற்றுவட்டம் வந்தது, நடு வரவில்லை. கட்டி வளையலாகிவிட்டது. மூன்று வாரமாக வருவதெல்லாம் வளையல்தான். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

(முதலில் "மழை மாலையொன்றில் அவள் ஜன்னலருகே நின்று, தன் கடந்த..." என்றுதான் தொடங்கினேன். அங்கே ஜன்னலே கிடையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.)

2

இன்றைய வளையல் ஒரு பஸ் ஓட்டுநரின் கழுத்திலிருந்து வந்தது. இன்னொரு தரம் எடுக்கலாமென்றால் கழுத்து இருக்கிறது, கட்டி இல்லை. என்ன நோய் என்று நாளை மதியம் சொல்வதாக டாக்டரம்மா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நான் கட்டியைப் பாக்கணும்மா, ஜன்னலை இல்ல."

3

கதை கெட்டாலும் பரவாயில்லை, இதை விளக்கியே ஆகவேண்டும். உடம்பிலிருந்து எடுத்த துண்டில் தண்ணீர் இருக்கும். மெழுகும் தண்ணீரும் சண்டை போட்ட பங்காளிகள். ஒரே வீட்டில் தங்கமாட்டார்கள். அதனால் துண்டை வரிசையாக ஆல்கஹால் ஜாடிகளில் ஊறவைத்துத் தண்ணீரை வெளியேற்றுவார்கள். பிறகு சைலீன் என்ற திரவம் வந்து ஆல்கஹாலை அனுப்பிவிட்டு மெழுகுக்குக் கதவைத் திறந்துவிடும். நடுவில் ஈரம் தங்கினால் மெழுகு வாசலோடு திரும்பிவிடும். சீவும்போது அந்த நடு கழன்று விழும்.

ஆகவே கடைசி ஆல்கஹாலில் ஈரமே கூடாது. அதற்குக் காவலாக, வறுத்து வெள்ளையாக்கிய மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, சின்ன துணிப்பையில் கட்டி ஜாடிக்குள் அடியில் போட்டு வைப்பார்கள். ஈரம் பட்டால் அது நீலமாகிவிடும். (இது எவ்வளவு அழகான ஏற்பாடு என்று இன்னும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வீட்டில் படித்துக் காட்டினேன். விளக்கை அணைத்துவிட்டார்கள்.)

அவள் பிளேடை மாற்றினாள், மெழுகின் சூட்டை அளந்தாள், சீவும் இயந்திரத்தைத் திட்டினாள். வளையல் வளையலாகவே வந்தது.

4

இங்கே ஒரு வில்லன் வேண்டுமென்று தோன்றியது. ஆல்கஹாலைக் கவனிப்பவர் போன மாதம் ஸ்டோரிலிருந்து மாற்றலாகி வந்த ஐம்பது வயதுக்காரர். கதவுக் கைப்பிடியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். கோணல் சிரிப்பொன்றை வைத்துப் பார்த்தேன். அவர் முகத்தில் நிற்கவில்லை. தினமும் காலையில் நிறம் சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்பாள், பிரமாதம் என்பார். அன்றைக்குத்தான் கேள்வியை மாற்றினாள்.

"என்ன நிறம்ணே?"

"மயில் கழுத்து மாதிரி நீலம்மா. நான் வந்தப்ப வெளிறிப்போய்க் கெடந்துச்சு. நாலே நாள்ல கலர் ஏறிடுச்சு. அப்புறம் அந்த ஜாடியை மட்டும் மாத்த மனசு வரல."

திட்ட வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். முதல் நாள் அவரிடம் நிறத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது அவள்தான். எந்த நிறத்தை என்று சொல்லவில்லை. இப்போது சொன்னாள். அவர் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அப்ப மூணு வாரமா தண்ணிக்குத்தான் காவல் இருந்திருக்கேனா?"

5

முதல் முடிவில் கட்டி போனது போனதுதான். அடித்துவிட்டேன், ஓட்டுநர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமில்லை. இரண்டாவதில் இயந்திரம் வாய் திறந்து மன்னிப்புக் கேட்டது. அதையும் அடித்தேன், எதற்காகக் கேட்கவேண்டும் அது?

நடந்தது இதுதான். நல்லவேளை, நாலு சீவல்தான் சீவியிருந்தாள்; மிச்சக் கட்டி மெழுகுக்குள் பத்திரமாக இருந்தது. மெழுகை உருக்கித் துண்டை வெளியே எடுத்தாள். வந்த வழியே திருப்பி அனுப்பினாள்: சைலீன், பிறகு புது ஆல்கஹால். அங்கிருந்து மறுபடி சைலீன், மறுபடி மெழுகு. மறுநாள் காலை சீவினாள். நடுவோடு வந்தது. டாக்டரம்மா குனிந்தார்.

கட்டியில் என்ன இருந்தது என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். நான் டாக்டர் இல்லை. ஓட்டுநருக்குச் சாதகமாக முடித்தால் நல்லது. தினமும் அவர் பஸ்ஸில் போகிறவன் நான்.

ஓட்டைக்கான முடிவு மட்டும் என்னிடம் இருக்கிறது. ஜாடியை இரண்டு தரம் துடைத்துவிட்டு அண்ணன் ஒட்டிய சீட்டு அது:

"வெள்ளையாக இருந்தால் ஈரம் இல்லை. நீலம் ஏறினால், எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆல்கஹாலையும் மயில்துத்தத்தையும் அன்றே மாற்றவும்."