நானூறு டன்னுக்கு அடியில் பத்து ரூபாய்

பகலவனின் இடது கையுறைக்குள் இருந்த நாணயத்தைக் காணவில்லை.

எதிரே தகட்டை அழுத்தி வடிவமாக்கும் நானூறு டன் பிரஸ். கீழ் அச்சான டைக்குள் தகடு வைத்தாகிவிட்டது. அந்தப் பக்கம் தங்கமாரி இரண்டு பச்சைப் பட்டன்களையும் அமுக்கிப் பிடித்திருக்கிறாள். இந்தப் பக்கம் அவனும் இரண்டை அமுக்கினால்தான் மேல் டை இறங்கும். அவன் அமுக்கவில்லை. தகடு வைக்கும்போது 'ணங்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டதே, அது இப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"என்னண்ணே முழிக்கிய? அமுக்குங்க! டீக்கு இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு!" தென்காசிக்காரி கத்தினாள்.

அது சாதாரணப் பத்து ரூபாய் இல்லை. நாணயச் சாலையில் மஞ்சள் வளையத்தைத் தனியாகவும் வெள்ளை வட்டத்தைத் தனியாகவும் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தி, மேலும் கீழும் டை வைத்து ஒரே அடி. படமும் எழுத்தும் விழும், இரண்டும் ஒன்றாகும். இந்த நாணயத்தில் வட்டம் சரியாக உட்காராமல் வளையத்தின் மேல் ஏறியிருக்க, அப்படியே அடி விழுந்திருக்கிறது. சோதனையிலும் தப்பிவிட்டது. தப்பியதால்தான் விலை. ஷேர் ஆட்டோக்காரர் வாங்க மறுத்த அந்தக் காசுக்கு, போட்டோவைப் பார்த்தே நாற்பத்தைந்தாயிரம் சொன்னார் நாணயம் சேகரிக்கும் ஜீவானந்தம். கீறல் மட்டும் இருக்கக் கூடாதாம். மூன்று மணிக்கு கேட்டுக்கு வருகிறார்.

ஐந்து மணிக்குள் அட்வான்ஸ் தராவிட்டால் பேசி வைத்த குன்றத்தூர் வாடகை வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். கைக்குழந்தையோடு மனைவி எழிலரசி இன்னும் எத்தனை நாள் அம்மா வீட்டில் இருப்பாள்?

பிரஸ் ஷாப்புக்குள் காசு, சாவி, மோதிரம் எதுவும் கூடாது. மீறினால் வேலை போகும். லாக்கர் பூட்டு உடைந்திருந்ததால், தெரிந்தேதான் கையுறைக்குள் செருகினான்.

"இன்னாப்பா, லைன் ஏன் நிக்குது?" சூப்பர்வைசர் இளம்பரிதி ஓடி வந்தார்.

"சவுண்டு ஒரு மாதிரி கேட்டுச்சு சார். உள்ள எதுனா ஸ்கிராப் கீதான்னு பாருங்க."

தகட்டை எடுத்தார்கள். இளம்பரிதி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காந்தக் கம்பியை டையின் பள்ளங்களுக்குள் விட்டுத் துழாவினார். வழக்கம் அதுதான். இரும்புத் துணுக்கு எதுவானாலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

ஒன்றும் வரவில்லை.

"கிளீனா கீது. உன் காதுதான் ரிப்பேர். ஓட்டு, ஓட்டு! நாப்பது பீஸ் பின்னாடி போய்க்கினு கீறோம்."

பத்து ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டாது. உள்ளே அதுதான் கிடக்கிறது என்று பகலவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

மறுபடி தகடு ஏறியது. தங்கமாரியின் கைகள் பட்டனில். காசின் மேல் அடி விழுந்து டை உடைந்து சில்லு பறந்தால் நேராக அவள் முகத்துக்கு. பாதுகாப்புக் கண்ணாடி கண்ணை மட்டும்தான் காக்கும். அவன் விரல்களும் பச்சையைத் தொட்டுவிட்டன.

"அமுக்குய்யா!" இளம்பரிதி கத்தினார்.

"சார்... உள்ள என் காசு கீது சார். காந்தத்துல வராது."

இளம்பரிதி தகட்டை மறுபடி எடுக்கச் சொன்னார். பிறகு நீள இடுக்கியை விட்டு டையின் மூலையிலிருந்து நாணயத்தை இழுத்தெடுத்தார். "பத்து ரூபாய்க்காடா?"

"எம் மூஞ்சி பத்து ரூவாதானாண்ணே?" என்றாள் தங்கமாரி.

நாணயம் ஒரு கவருக்குள் போனது. ஒட்டி, தேதி போட்டு, அவனிடமே கையெழுத்து வாங்கினார்கள். ஐடி கார்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். "விசாரணை முடியற வரைக்கும் காசு இங்க, நீ வெளிய."

கேட்டில் ஜீவானந்தம் லென்ஸோடு காத்திருந்தார். நடந்ததை அவன் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

"இடுக்கியாலயா எடுத்தாங்க? கீறல் விழுந்துச்சா தம்பி?"

பகலவன் யோசித்தான். அந்த நேரத்தில் அவன் பார்த்துக்கொண்டிருந்தது பட்டனிலிருந்து எடுத்த பிறகும் உதறிக்கொண்டே இருந்த தங்கமாரியின் கைகளை.

"பாக்கல சார்."

பாக்கெட்டில் போன் அடித்தது. எழிலரசி. மூன்றாவது முறை மணி அடித்தபோது எடுத்தான்.

"எழில்... அந்த வூடு நமக்கு இல்ல."