மூலையில் ஓடும் எண்

சிவெர்ட்டுக்குக் கணினியில் விளையாடத் தெரியும் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு சாட்சியும் இல்லை. கணினியைப் பற்றிப் பேசத் தெரியும் என்பதற்கு ஸ்வீடனின் ஓரெப்ரு நகரமே சாட்சி. அவர் பல் மருத்துவர். நோயாளி வாயைத் திறந்து, பதில் பேச முடியாமல் கிடக்கும் நேரம் பார்த்து, தன் புது கிராபிக்ஸ் கார்டைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

ஒரு ஞாயிறு மதியம் அவர் மனைவி மாலினின் தம்பி ரஸ்மஸ் தன் வீடியோ கேம் கன்சோலைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வந்தான். கூடத்து டிவியில் செருகினான். காபி ஆறுவதற்குள் ஒரு டிராகனைக் கொன்றும் விட்டான்.

"பொம்மைடா மச்சான் அது. கம்பெனிக்காரன் குடுத்ததோட சரி," என்றார் சிவெர்ட். "என்னுது அப்படியா? பாகம் பழசானா மாத்திக்கலாம். இருபது வருஷத்துக்கு முந்தின ஆட்டமும் ஓடும். எவனோ ஒருத்தன் ஆசையா செஞ்ச காடு, கோட்டை எல்லாத்தையும் ஓசியில சேத்துக்கலாம்."

"எல்லாம் சரி மாமா, கடைசியா எந்த ஆட்டத்த முடிச்சீங்க?"

சிவெர்ட் இலவங்கப்பட்டை பன்னை மும்முரமாக மென்றார்.

"இவரு எங்கடா ஆடுறாரு?" என்றாள் மாலின். "ஸ்கிரீன் மூலையில ஒரு நம்பர் ஓடும், செகண்டுக்கு எத்தனை படம் வருதுன்னு. நூத்தி நாப்பதுன்னா சிரிப்பாரு. ரெண்டு கொறஞ்சா மூஞ்சி தொங்கிரும். கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை இப்படிப் பாத்ததில்ல."

ரஸ்மஸ் சோபாவில் உருண்டு சிரித்தான். சிவெர்ட்டுக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய்க் கணினி முன் உட்கார்ந்தார். ஆட்டம் திறந்தது. கண் தானாக மூலைக்குப் போனது. நூற்று முப்பத்தெட்டு! உடனே ஆட்டத்தை நிறுத்தி, எண் ஏறட்டும் என்று மரங்களின் நிழலைக் குறைக்க ஆரம்பித்தார்.

மாலின் ஒரு பிளாஸ்திரியை எடுத்துவந்து அந்த எண்ணின் மேல் ஒட்டினாள்.

"ஐயோ, ஸ்கிரீன்!"

"கைய எடுங்க. ஆடுங்க."

ஐந்து நிமிடம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிறகு ஓர் ஆறு கண்ணில் பட்டது. மூன்று வருடமாக வைத்திருக்கும் ஆட்டத்தில் ஆறு இருப்பது அன்றுதான் தெரிந்தது. கரையோரம் நடந்தார். ஒரு நரி கடித்துச் செத்தார். பிழைத்து மறுபடி நடந்தார். எதிரே ஒரு கோட்டை தெரிந்தது.

கூடத்தில் சத்தம் நின்றது. புதுப்பிப்பு வந்திருக்கிறது, இரண்டு மணி நேரம் ஆகும் என்று கன்சோல் அறிவித்துவிட்டிருந்தது. ரஸ்மஸ் மெல்ல வந்து அவர் பின்னால் நின்றான்.

"மாமா, சூப்பரா இருக்கே அந்தக் கோட்டை! ஒரே ஒரு தடவ குடுங்களேன்."

"வரிசையில வாடா."

"வரிசையில நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

"அப்ப நீதான் கடைசி," என்றார் சிவெர்ட், திரும்பிக்கூடப் பார்க்காமல்.