ஊசி போட்ட சேவல்

மக்பூல் அகமது காலையில் பெட்டைக்கோழியோடு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். விடிந்ததும் சேவலைக் கூண்டிலிருந்து எடுத்து முகம் துடைக்கப் போனேன். கண்ணோரத்தில் பருக்கள். தாடியின் அடியிலும் திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடந்தன.

ஆம்பூரில் எங்கள் வீட்டு அசீல் இனச் சேவல்களுக்கு என் தாத்தா காலத்திலிருந்து பெயர் உண்டு. இணை சேர்க்க யார் பெட்டை கொண்டுவந்தாலும் கூலி வாங்க மாட்டோம். ஆனால் பெட்டையை வீட்டுக்குப் பெரியவன் தன் கையால் வாங்கிக் கூண்டில் விட வேண்டும். வாங்கிவிட்டால் சேவலில் குறையில்லை என்பதற்கு அவன் பொறுப்பு. 1983-இல் அந்தப் பெரியவன் பள்ளிக்கூட வாத்தியாரான நான்தான்.

மார்கழியில் இறகு உதிர்த்த பிறகு சேவல் சோர்ந்திருந்தது. கொண்டை வெளுத்துப்போனது. பெட்டை எதிரே நின்றாலும் தீனியைத்தான் தேடும். பொங்கல் கழிந்து திடீரென்று மாறியது. கொண்டை சிவந்தது, நாள் முழுக்கக் கூவியது, ஒரு பெட்டையையும் விடவில்லை. ஹலீமா பீ தன் பெட்டையைக் கொண்டுவந்தார். நாட்றம்பள்ளியிலிருந்து சுந்தரமூர்த்தியும் பெட்டையோடு வந்தார். எங்கள் வீட்டு ரத்தம் சும்மா போகாது என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பருக்களைப் பார்த்ததும் அடுத்த தெருவிலிருந்த கால்நடை டாக்டர் இன்பசேகரனை அழைத்துவந்தேன். அவர் சேவலைப் புரட்டி, மார்புச் சதையை விரலால் அழுத்தினார். உள்ளே ஒரு கட்டி நகர்ந்தது.

“யார் ஊசி போட்டது?”

பக்கத்தில் நின்ற என் தம்பி மகன் சாந்தகுமார் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆண் ஹார்மோன், பெரியப்பா. நம்ம பேருக்காகத்தான் போட்டேன். உங்க சேவல் பென்ஷன் வாங்கிடுச்சான்னு மக்பூல் பாய் கேட்டாரு இல்ல?”

“எத்தினி ஊசி?” என்றார் டாக்டர்.

“வாரத்துக்கு ஒண்ணு.”

“நல்லாப் போட்டே. கொண்டை சிவந்தது, பெட்டை மேல பாஞ்சது, எல்லாம் மருந்து பண்ண வேலை. ஜாஸ்தி ஏத்தினா நோயைத் தாங்குற சக்தி கம்மியாயிடும். ஊரெல்லாம் கோழி அம்மை இருக்கு. இதே கூண்டுல இருக்குதே இதோட தம்பிச் சேவல், அதுக்கும்தான் வந்திருக்கு. ரெண்டு பரு, காஞ்சுபோச்சு. இது தாங்கல.”

“வந்துபோன பெட்டைங்களுக்கு?” என்றேன்.

“ஒட்டியிருக்கலாம் சார்.”

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. “வாத்தியாரே!”

சாந்தகுமார் என் கையைப் பிடித்தான். “பெரியப்பா, தம்பிச் சேவலைக் காட்டிடலாம். ரெண்டும் ஒரே மாதிரிதானே? யாருக்குத் தெரியப்போவுது?”

கையை உதறிவிட்டு வாசலுக்குப் போனேன்.

மக்பூல் அகமது தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார். பெட்டையை இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் முகம் இறுகியது.

“இன்னா வாத்தியாரே, எங்க வீட்டுப் பெட்டை உங்களுக்குக் கீழாப் போய்டுச்சா?”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“உங்க பெட்டையில குறையில்ல, பாய். குறை என் வீட்டுல,” என்றேன். ஊசியையும் அம்மையையும் சொன்னேன். சாந்தகுமார் பெயரைச் சொல்லவில்லை. என் வீட்டில் நடந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவர் பெட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“ஹலீமா அக்காக்குத் தெரியுமா இது? அவங்க பெட்டை ரெண்டு நாளா தீனி எடுக்கல. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே வர்றேன்.”

சட்டையை மாட்டினேன். சாந்தகுமாரையும் கூப்பிட்டேன்.

“இப்பவா? தெருவுல எல்லாரும் பாப்பாங்க, பெரியப்பா.”

“பாக்கட்டும். நட.”

ஹலீமா பீ பெட்டையை மடியில் வைத்து மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். அதன் ஒரு கண் மூடிக்கிடந்தது. உட்காரச் சொன்னார். நின்றோம். சாந்தகுமார் நடந்ததை முணுமுணுத்தான்.

“கேக்குற மாதிரி சொல்லு,” என்றேன்.

அவன் சொல்லி முடிக்கும்வரை ஹலீமா பீ அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

“உங்க கையை நம்பித்தான் குடுத்தேன், வாத்தியாரே. இனிமே எங்க பெட்டை உங்க வாசலுக்கு வராது.”

“சரிம்மா,” என்றேன்.

தெருவுக்கு வந்ததும் சாந்தகுமார் வீட்டுப் பக்கம் திரும்பினான். “இன்னும் சுந்தரமூர்த்தி வீடு இருக்கு,” என்று அவனை நிறுத்தி, நாட்றம்பள்ளி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.