கொசுறு

வெள்ளைப்பூச்சு வியாபாரியின் மூத்த மருமகளுடைய முகம், ஒரு காலையில் ஈரத்துணியால் துடைக்கும்போது, புருவம் உதடு உட்பட முழுசாகத் துணியோடு வந்துவிட்டது. வலி இல்லை. துணி பாழாகிவிட்டதே என்றுதான் அவள் முதலில் பயந்தாள். மாமியார் துணி விஷயத்தில் கறார்.

அந்த வீட்டுத் தொழில் அப்படி. மண்பானையில் புளித்த காடியை ஊற்றி, அதன்மேல் ஈயத்தகட்டைத் தொங்கவிட்டு, சாணக் குவியலில் புதைத்து வைத்தால், சில வாரங்களில் தகட்டில் வெள்ளை பூக்கும். அதைச் சுரண்டி, அரைத்து, வில்லை தட்டி விற்பார்கள். அரண்மனைப் பெண்களிலிருந்து கூத்தாடிகள்வரை அதைப் பூசாமல் வாசல் தாண்டுவதில்லை. பல் ஆடும், முடி கொட்டும்; ஆனாலும் கறுத்து வாழ்வதைவிட வெளுத்துச் சாவது மேல் என்பது ஊர் முடிவு. புதுச் சரக்கு எதுவானாலும் மூத்த மருமகளின் முகத்தில் பூசிப் பார்த்த பிறகே கடைக்குப் போகும். இளையவள் பெரிய இடத்துப் பெண். அவள் முகத்தில் தண்ணீர் மட்டும்தான் பட்டது.

மாமனார் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கிழிசல் இல்லை. "வெயில்ல போடாதே, சுருங்கிடும். நிழல்ல காயட்டும்" என்றார்.

அவளுக்குக் கண்ணும் மூக்கும் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் பார்த்தவர் தலையைத் திருப்பியதும் அந்த முகம் மறந்துபோனது. புருஷன் ஓரிரு தடவை "யாரும்மா நீ?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் உடையை வைத்து அடையாளம் பார்க்கப் பழகினான். பால்குடி மறந்த மகள் பழகவில்லை. தூக்கினாலே வீறிட்டாள், கொடியில் தொங்கிய முகத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துதான் சோறு தின்றாள்.

"மாமா, அதைக் கொடுத்துடுங்க. பசை போட்டு ஒட்டிக்கிறேன். புள்ள கிட்டயே வரமாட்டேங்குது."

"கொடுக்காம எங்கம்மா போயிடப் போறேன்? கொஞ்சம் பொறு" என்றவர், அன்றே சுங்க அதிகாரியின் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அங்கே அம்மைத் தழும்போடு ஒரு மகள் கல்யாணத்துக்குக் காத்திருந்தாள்.

தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். தாய் முகத்தைத் தடவிப் பார்த்து, "பழசு மாதிரி இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"பழசில்லம்மா, பழகினது. புதுசு வாங்கினா சிரிக்கக்கூட நீங்கதான் சொல்லித் தரணும்."

"மூக்கு சப்பை."

"அதனாலதான் விலையா என் சரக்குக்குச் சுங்கத்தைக் குறைக்க மட்டும் சொல்றேன். எடுப்பா இருந்தா, சுங்கமே கட்டமாட்டேன்னுல்ல சொல்லியிருப்பேன்!"

பேரம் படிந்தது. மருமகள் கதவோரம்தான் நின்றாள். அவள் அங்கே நிற்பது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை.

முகம் அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. அதிகாரியின் மகள் சிரித்துப் பார்த்தாள். உடனே குழந்தை "அம்மா!" என்று ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது. ஆளாளுக்குக் குழந்தையைப் பிய்த்துப் பார்த்தார்கள், வரவில்லை. கடைசியில் மாமனார் சலித்துக்கொண்டு, "போனாப் போகுது, கொசுறா வச்சுக்கங்க" என்றார்.

அதன்பின் மருமகளுக்கு அவ்வப்போது வேறு முகங்கள் விளைந்தன. அவையும் நல்ல விலைக்குப் போயின. ஊரில் அக்கா தங்கை ஜாடையில் பெண்கள் பெருகினார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் முகத்தின் சுருக்கங்கள் தெரிந்தவள் என்பதால், அதற்குப் பூச்சு வைக்க அவளையே அதிகாரியின் மகள் கூப்பிட்டுக்கொண்டாள். கொசுறாகப் போய் வளர்ந்துவிட்ட பெண் பக்கத்தில் கிண்ணம் பிடித்து உட்காருவாள்.

"கண்ணோரம் பாத்துப் பூசுங்கக்கா. அம்மாவுக்கு எரியும்."

"தெரியும் கண்ணு" என்று அவள் கண்ணோரத்தை விட்டுப் பூசினாள்.