எந்த மாடு?

உடம்புக்கு எலும்பு யாருடையது என்ற கவலையே கிடையாது, கவலையெல்லாம் மனிதனுக்குத்தான் என்று அந்த ஆராய்ச்சி மாணவன் வீட்டார் எல்லோரையும் வைத்துக்கொண்டு அறிவித்தான். கொழுப்பும் புரதமும் போகச் சுட்டுப் பொடித்த மாட்டெலும்பின் மேல் உயிரணுக்களை வளர்த்து, அவை சாகின்றனவா பிழைக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. பல் போய் எலும்பு கரைந்திருந்த அத்தையின் தாடையில், புது எலும்பு வளர அந்தத் துகளைத்தான் வைக்கப்போகிறார்கள்.

"ஏன்டா, அது எந்த மாடுன்னு யாராவது பார்ப்பாங்களா? சீக்கு மாடா இருந்துட்டா?"

"வச்ச மறுநாள் நீங்க 'அம்மா'ன்னு கத்தினா நல்ல மாடுன்னு வச்சுக்கலாம், அத்தை!"

வீடே சிரித்தது. அத்தையும் சிரித்து வைத்தாள். பிறகு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

நாலே மாதத்தில் அவனுக்கும் கடைவாய்ப்பல் போய், தாடையெலும்பு கரைந்திருந்தது. துணைக்கு அத்தைதான் வந்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்ததும் பல் டாக்டர் சின்னப் புட்டி ஒன்றை எடுத்தார். அதில் அவன் ஆய்வுக்கூடத்து முத்திரை இருந்தது. 'தேறியது' என்று அதற்குக் கையெழுத்துப் போட்டவனே அவன்தான்.

அத்தை வெளியே இருக்கிறாள் என்ற தைரியத்தில் மெல்லக் கேட்டான். "டாக்டர், இது... எந்த மாடு?"

"அதை நீங்கதானே எங்களுக்குச் சொல்லணும்?"

அத்தை அவன் பையோடு கதவருகிலேயே நின்றிருந்தாள். சிரிக்கவில்லை.

"கேட்கட்டும் டாக்டர். எனக்குத்தான் அன்னிக்குக் கேட்க வெக்கமா போச்சு."

அவன் காது மடல் சுட்டது. ஊசி இறங்கியபோது, யாருக்கும் கேட்காத குரலில் "அம்மா" என்றான்.