புகைக்காத சிகரெட்

கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. சோதித்ததில் டான்சிலில் புற்றுநோய்.

"சிகரெட் உண்டா?" என்றார் டாக்டர்.

தலைமையாசிரியருக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாகப் பள்ளி மைக்குக்கே சலித்துப்போகும்படி புகையிலையைத் திட்டியவர் அவர். இல்லையென்று வேகமாகத் தலையாட்டினார்.

"அப்போ ரிப்போர்ட் சரிதான். எச்.பி.வி. வைரஸ். உடலுறவுல தொத்தறது. நிறையப் பேருக்கு வந்து தானாவே போயிடும். சிலருக்குத் தொண்டையில பல வருஷம் பேசாம கிடக்கும். இந்த வகை சிகிச்சைக்கு நல்லாவே கேக்கும், பயப்படாதீங்க."

கடைசி வாக்கியம் அவர் காதில் ஏறவில்லை. 'உடலுறவு' என்ற சொல்லே போதுமாயிருந்தது. சென்ற வருடம் மாணவிகளுக்கு இதே வைரஸுக்கான தடுப்பூசிப் படிவம் வந்தபோது, 'எம் பள்ளி மாணவியர் ஒழுக்கமானவர்கள். தேவையில்லை' என்று எழுதி, முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். பெற்றோர் கூட்டத்தில் அதை வாசித்துக் கைதட்டலும் வாங்கியிருந்தார்.

வீட்டில், "சிகரெட்டால வந்ததாம்" என்றார்.

"நீங்களா? எங்க வெச்சுப் பிடிச்சீங்க?" என்றாள் மனைவி.

"மொட்டைமாடியில."

"மாடிக்கதவு சாவி தொலைஞ்சு நாலு வருஷமாச்சு."

பள்ளியில் அதே பொய்க்குச் சிக்கல் இல்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கம்பெனி குடுத்திருப்பேனே சார்" என்று விளையாட்டு ஆசிரியர் உருகிப்போனார்.

அடுத்த வாரம் தடுப்பூசிப் படிவம் பள்ளிக்கு மறுபடி வந்தது. மகளும் அங்கேதான் ஏழாவது படிக்கிறாள். மனைவி அதை அவர் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பாப்பாவுக்குப் போடணுமா, வேணாமா?"

"போடணும்."

"ஏன்? நம்ம பொண்ணு ஒழுக்கமில்லையா?"

அவர் படிவத்தில் மகளின் பெயரை எழுதத் தொடங்கினார்.

"உங்க ரிப்போர்ட்ட அன்னைக்கே படிச்சிட்டேன். எப்போ, யாருன்னு கேக்கல. நீங்க சொன்னதை நம்பி எத்தனை வீட்ல ஊசி போடாம இருக்காங்க, அதை யோசிங்க."

பெற்றோர் கூட்டத்தில் மைக் முன்னால் நின்றார். கதிர்வீச்சு சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை, பேச முடியவில்லை என்று தொண்டைமேல் பழிபோட வழியில்லை.

"எனக்கு வந்தது சிகரெட்டால இல்ல. இந்த ஊசி தடுக்கிற அதே வைரஸால."

ஒரு தகப்பன் எழுந்தார். "போன வருஷம் ஒழுக்கம்னீங்களே சார்?"

"பிள்ளைங்க ஒழுக்கத்துக்கு ஒரு குறையும் இல்லைங்க. எனக்குத்தான் விவரம் பத்தல."

யாரும் கைதட்டவில்லை. படிவங்கள் கைமாறும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி வரிசையில் விளையாட்டு ஆசிரியர், கூட்டாளியை இழந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.