மன்னிப்புக் கேட்கும் பயிற்சி

வக்கீல்களுக்கே பேசக் கற்றுக்கொடுக்க ஒருத்தி வருகிறாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அந்த அலுவலகத்தின் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்த இருபது வக்கீல்களுக்கும் வந்தது. ஆனால் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்களே, என்ன செய்வது? அவர்களைத் தக்கவைக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளட்டும் என்று பெரிய வக்கீலின் மகள்தான் இந்தப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருந்தாள். அவளும் அங்கே வக்கீல்தான்.

பெரிய வக்கீல் எழுந்து, பயிற்சி கொடுக்க வந்தவளைக் காட்டி, இவள் நம் ஆபீஸில் வளர்ந்த பொண்ணு என்று பெருமையாக அறிமுகம் செய்தார். பயிற்சியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளர்த்த லட்சணம் அவளுக்கல்லவா தெரியும்!

பல வருஷத்துக்கு முன்னால் அவள் இங்கே ஜூனியர். ஒரு பேக்கரிக்காரரின் கட்டட வழக்கில் அப்பீல் போட வேண்டியிருந்தது. மனுவை ராப்பகலாக எழுதி முடித்து, கையெழுத்துக்காகப் பெரிய வக்கீலின் மேசையில் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது. நினைவுபடுத்தியபோதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்றார். கெடு தப்பியதும் பேக்கரிக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்தப் பொண்ணு மனுவைக் கொடுக்காமலே கோட்டை விட்டுவிட்டாள் என்று கூசாமல் சொன்னார். அந்த மனிதர் கத்தவில்லை. உன்னைத்தானேம்மா நம்பியிருந்தேன் என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றோடு அவள் வேலை போனது. கோர்ட் வராந்தாவில் ‘கோட்டை’ என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. எந்த வக்கீலும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தினமும் கூட உட்கார்ந்து சாப்பிட்ட தோழி, அதுதான் அந்த மகள், எதிரே வந்தால் போனைப் பார்க்க ஆரம்பித்தாள். எல்லாவற்றிலும் அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு அவள் வேறு பிழைப்பைத் தேடிக்கொண்டாள். கட்சிக்காரரிடம் எப்படிப் பேசுவது, கூட வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துவது என்று வக்கீல்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும் தொழில். அதில் அவளுக்குக் கிராக்கி ஏறியதும், பழசையெல்லாம் மறந்த மாதிரி அந்த மகளே கூப்பிட்டாள். இந்தத் தொழிலில் அவள் ஒன்றை நன்றாகக் கவனித்து வைத்திருந்தாள். வக்கீலுக்கு மன்னிப்புக் கேட்க வராது. கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே! விளையாட்டுக்குக் குற்றம் சாட்டினால்கூட வாதாடி ஜெயித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதை நம்பித்தான் அவள் இன்றைக்கு இந்தப் படியேறி வந்திருந்தாள். போன தன் பெயரை இதே அறையில் திரும்ப வாங்காமல் இறங்குவதில்லை என்ற முடிவோடு இருந்தாள்.

மத்தியானம் வரை ஒழுங்காகப் பாடம் நடத்தினாள். பிறகு நடிப்புப் பயிற்சி. அலுவலகத்தின் தப்பால் நஷ்டப்பட்ட ஒரு கட்சிக்காரர் கோபமாக வருகிறார். தலைவர் மன்னிப்புக் கேட்டு அவரைச் சமாதானப்படுத்த வேண்டும். தலைவராகப் பெரிய வக்கீலே வரட்டும் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே முன்னால் வந்து உட்கார்ந்தார். கட்சிக்காரராக அவள் எதிரே உட்கார்ந்தாள்.

“நான் பேக்கரி வச்சிருக்கேன் சார்.”

அவர் முகம் சுருங்கியது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போக முடியுமா? அப்பீல் போடாமல் விட்டீர்களே, என் கட்டடம் கைவிட்டுப் போய்விட்டதே என்று அவள் ஆரம்பித்தாள். ஜூனியர் செய்த தப்பு, அவளை அன்றைக்கே அனுப்பிவிட்டோம் என்றார் அவர். இதுவரைக்கும் அவள் எதிர்பார்த்ததுதான்.

“அப்போ நேத்து வந்த ஜூனியர் நெனச்சா உங்க ஆபீஸ்ல ஒரு கேஸையே கெடுத்துடலாம். நீங்க எதையும் பார்க்கிறதே இல்ல. பேருக்குத்தான் பெரிய வக்கீல், அப்படித்தானே?”

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனை சாட்சிகளைக் கூண்டில் திணறடித்தவர், இதற்குப் பதில் சொல்லாமல் விடுவாரா? தன் கண்ணில் படாமல் இந்த ஆபீஸில் ஒரு காகிதம்கூட அசையாது என்றார். அந்த மனு மட்டும் எப்படிப் படாமல் போனது என்று அவள் விடாமல் கேட்டாள்.

“யார் சொன்னா படலன்னு? வரி விடாம படிச்சேன். ஒரு வாரமா என் மேசையிலதான் இருந்துச்சு.”

வாதத்தில் ஜெயித்துவிட்டார். என்ன சொன்னோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அறையில் யாரும் சிரிக்கவில்லை.

மகள் எழுந்து நின்றாள். “அப்பா, அது உங்ககிட்டயா இருந்துச்சு? அவ குடுக்கவே இல்லன்னு சொன்னீங்களே.”

இதெல்லாம் வெறும் நடிப்பும்மா என்று அவர் மழுப்பினார். மகள் உட்காரவில்லை. தோழியின் பக்கம் திரும்பவும் அவளுக்கு முகமில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயிற்சியாளருக்கு ஆனந்தமாக இருந்தது, பொய் சொல்வானேன்? இத்தனை வருஷமாக எரிந்த வயிறு அப்போதுதான் குளிர்ந்தது. இரக்கம் வருமோ என்று உள்ளே தேடிப் பார்த்தாள், மருந்துக்குக்கூட இல்லை.

“பயிற்சி இன்னும் முடியல சார். மன்னிப்புக் கேக்கணும். கட்சிக்காரர்கிட்ட அப்புறம் கேக்கலாம். முதல்ல அந்த ஜூனியர்கிட்ட கேளுங்க.”

பெரிய வக்கீல் மகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுப்பதாக இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, மன்னிச்சிடும்மா என்று முணுமுணுத்தார்.

“கடைசி வரிசைக்குக் கேக்கல சார்,” என்றாள் பழைய ஜூனியர். “இன்னொரு தடவை சொல்லுங்க.”